கலிங்கில் உட்கார்ந்த சம்பந்தி

கண்மாயில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதை இப்போது செல்போனிலேயே பார்க்கலாம். சென்ற மாதம் எங்கள் பழைய அலுவலகத்துக்குப் போனபோது காட்டினார்கள். கரையில் ஒரு கம்பம், அதில் ஒரு கருவி, அது சொல்லும் எண் நேரே திரையில் வருகிறது. நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கிறது.

"இதெல்லாம் இல்லாம எப்படி சார் சமாளிச்சீங்க?" என்று புதிதாகச் சேர்ந்திருந்த உதவிப் பொறியாளர் கேட்டார்.

"குடத்தை வச்சு" என்றேன். அவர் சிரித்தார். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அங்கிருந்தவர்கள் அதை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன்.

என் உத்தியோகம் முப்பத்து மூன்று வருடம். முதல் மூன்று வருடம் மற்றவர்கள் அளந்ததை நான் பிரதி எடுத்தேன். அடுத்த மூன்று வருடம் நான் அளந்ததை மற்றவர்கள் அடித்துத் திருத்தினார்கள். பயிற்சி என்பது அவ்வளவுதான். அதன்பிறகு இலுப்பூர்ப் பக்கத்துக் கண்மாய்கள் என் பொறுப்பில் வந்தன. மடை என்பது கண்மாயிலிருந்து வயலுக்குத் தண்ணீர் விடும் வழி. கலிங்கு என்பது கண்மாய் நிறைந்தபின் மிச்சத் தண்ணீர் தானாக வெளியேறுவதற்குக் கல்லால் கட்டி வைத்த இடம். இவை இரண்டும் ஒழுங்காக இருந்தால் கரை நிற்கும். கரை நின்றால் பொறியாளர் என்று ஒருவர் இருப்பதே ஊரில் யாருக்கும் ஞாபகம் வராது. நான் விரும்பியதும் அதைத்தான்.

வீடு புதுக்கோட்டையில், திருக்கோகர்ணத்தில். என் மனைவி கலாவதி அரசு மருத்துவமனையில் செவிலியர். அவளுக்குப் பெரும்பாலும் காலை ஷிப்ட். ஆறரைக்குக் கிளம்பிவிடுவாள். எங்களுக்கு இரண்டு பெண்கள், தேன்மொழி, கயல். அவர்கள் படித்த பள்ளியில் பெண்பிள்ளைகள் இரட்டை ஜடை போட்டு, மடித்துக் கட்டி, ரிப்பன் வைத்துத்தான் வரவேண்டும். ஆகவே பன்னிரண்டு வருடம் தினமும் காலையில் நான்கு ஜடை பின்னினேன். ஆரம்பத்தில் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட ஒரு விரற்கடை நீளமாக வந்தது. வகிடு நடுவில் இல்லாததுதான் காரணம் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. அப்புறம் பிசகவில்லை.

ஒருமுறை பதவி உயர்வோடு வட மாவட்டம் ஒன்றுக்கு மாற்றினார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் "குடும்பச் சூழ்நிலை" என்று போட்டேன். எங்கள் செயற்பொறியாளர் சபாபதி சார் என்னைக் கூப்பிட்டார். தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"குடும்பம் எல்லாருக்கும் இருக்கு. சூழ்நிலை என்னன்னு எழுதுங்க."

அங்கேயே நின்று எழுதினேன்: இரண்டு பெண் குழந்தைகள், மனைவிக்குக் காலைப் பணி, நான்கு ஜடை. அவர் வாசித்தார். சிரிக்கவில்லை. "இது காரணம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

சபாபதி சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. எதைச் சொன்னாலும் நேரம் கேட்பார். "மடையில் கசிவு சார்" என்றால், "எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?" என்பார். அதன்பின் எவ்வளவு என்பார். அதன்பின் மறுபடி எப்போது பார்ப்பீங்க என்பார். தண்ணீர் கசிகிறது என்பது அவருக்குச் செய்தியே அல்ல. பத்தேகாலுக்கு இவ்வளவு, பத்தே முக்காலுக்கு இவ்வளவு என்றால்தான் பேனாவைத் திறப்பார். சில சக அலுவலர்கள் அவருக்குப் பின்னால் அவரை மணிக்கூண்டு என்று சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

இனி அந்தக் கண்மாய்க்கு வருகிறேன். இலுப்பூருக்கு மேற்கே இருக்கிறது. பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்கள் பலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அது ஒரு கார்த்திகை மாதம். நான்கு வருடம் கழித்து அந்தக் கண்மாய் நிறைந்திருந்தது. ஊரில் எல்லார் முகத்திலும் அது தெரிந்தது. எங்கள் வீட்டிலும் சந்தோஷம். தேன்மொழிக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். பையன் துபாயில் வேலை, ஒரு மாத விடுப்பில் வந்திருந்தான். பெரியவர்கள் பேசி முடித்த நாளிலிருந்து இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். என் பெண் போனை வைத்துவிட்டுக் காரணமில்லாமல் பாத்திரம் கழுவுவாள். பிடித்திருந்தது என்று புரிந்துகொண்டோம். வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். பையனின் அப்பா சிதம்பரம் அந்தக் கண்மாயில் பாசனம் செய்கிற விவசாயி. ஊரில் அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். அவருடைய வயல்கள் கடைமடையில் இருந்தன. கண்மாய் முழுதாக நிறைந்தால்தான் தை மாதம்வரை அங்கே தண்ணீர் எட்டும்.

புதன்கிழமை காலை பத்தரைக்கு லஸ்கர் பிச்சை போன் செய்தார். லஸ்கர் என்பது கண்மாயைக் காவல் பார்க்கும் எங்கள் துறைப் பணியாளர்.

"சார், கரைக்குப் பின்னாடி தண்ணி வருது."

"தெளிவா வருதா, கலங்கலா வருதா?"

"வருது சார்."

ஜீப்பை எடுத்துக்கொண்டு போனேன். பதினொன்றே காலுக்குக் கரையில் இருந்தேன். பழைய மடைக்குப் பத்தடி தள்ளி, கரையின் வெளிப்புற அடிவாரத்தில், கட்டைவிரல் பருமனுக்கு ஒரு ஊற்று. அதற்கு நேர் கீழே, கூப்பிடு தூரத்தில், முப்பத்தெட்டு வீடுகள். ஊற்றின் பக்கத்தில் ஒரு பெண் சேலையைத் தூக்கிச் செருகியபடி நின்றிருந்தாள். பெயர் சின்னப்பொண்ணு. அந்த முப்பத்தெட்டில் முதல் வீடு அவளுடையது. முதலில் பார்த்ததும் அவள்தான்.

"நேத்தே சொன்னேனுங்க. மழைக்கு எல்லாக் கரையும் கசியத்தான் செய்யும்னுட்டாக. இன்னைக்குத் தண்ணி டீ மாதிரி வருது. அதான் பிச்சையண்ணன போன் போடச் சொன்னேன்."

"ஒரு குடமும் கண்ணாடி கிளாசும் கிடைக்குமாம்மா?"

"குடிக்கவா?"

"அளக்க."

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு போய்ப் பச்சை நிற பிளாஸ்டிக் குடம் ஒன்றும், திருவிழாவில் வாங்கின பூப்போட்ட கிளாஸ் ஒன்றும் கொண்டுவந்தாள்.

ஊற்றுக்குக் கீழே ஒரு குழி தோண்டிக் குடத்தை இறக்கினோம். வாழை மட்டையைக் கால்வாய் மாதிரி வைத்து முழுத் தண்ணீரையும் குடத்துக்குள் திருப்பினோம். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று இருபத்தைந்து. குடம் நிறையத் தொண்ணூறு விநாடி. கிளாசில் தண்ணீர் பிடித்துக் கரைமேல் ஒரு கல்லில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தேன். கிளாசின் அடியில் வண்டல் படிந்தது. விரல் நகத்தின் கனம்.

எல்லாக் கரையும் கசியும், சின்னப்பொண்ணிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. தெளிவான தண்ணீர் வந்தால் கவலையில்லை. மண்ணோடு வந்தால்தான் உள்ளே எதுவோ அரிக்கிறது என்று அர்த்தம். எந்த மண் என்பது அடுத்த கேள்வி. அந்தக் கண்மாயின் தரை கரிசல் கலந்த சாம்பல் நிறம். கரை கட்டியது செம்மண்ணில். கிளாசில் படிந்திருந்தது சிவப்பு.

பன்னிரண்டு மணிக்கு அதே குடம் எழுபது விநாடியில் நிறைந்தது. பன்னிரண்டரைக்கு ஐம்பத்தைந்து.

ஊற்றை அடைக்கக் கூடாது. அடைத்தால் பக்கத்தில் வேறு இடத்தில் பீறிடும். தண்ணீர் போகட்டும், மண் போகக் கூடாது, அதுதான் செய்ய வேண்டியது. ஊற்றைச் சுற்றிக் கிணற்றுச் சுவர் மாதிரி மண் மூட்டைகளை அடுக்கி, உள்ளே முதலில் மணல், மேலே பொடி ஜல்லி, அதற்கும் மேலே பெரிய ஜல்லி போடவேண்டும். உரச்சாக்குகளை வீடு வீடாகக் கேட்டு வாங்கினார் பிச்சை. பள்ளிக்கூடத்தில் சத்துணவுக்கூடம் கட்டக் குவித்திருந்த மணலையும் ஜல்லியையும் சின்னப்பொண்ணும் மற்றப் பெண்களும் சட்டியில் சுமந்து வந்தார்கள். ஆனால் அது முதலுதவி மாதிரிதான். கண்மாய் நீர்மட்டத்தை இறக்காமல் கரையின்மேல் உள்ள அழுத்தம் குறையாது.

மட்டம் ஏற்கனவே இருக்க வேண்டியதைவிட இரண்டடி அதிகம். கலிங்குக் கற்களுக்கு இடையே ஊரார் மணல் மூட்டைகளை அடுக்கித் தண்ணீரைத் தேக்கியிருந்தார்கள். கூடாதுதான். நான்கு வருடம் காய்ந்த ஊர் என்பதால் நானும் போன வாரம் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி வந்திருந்தேன். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன்.

சபாபதி சாருக்குப் போன் செய்தேன். மூன்று அளவுகளையும் நேரத்தோடு சொன்னேன். மண்ணின் நிறத்தைச் சொன்னேன். பேனா திறக்கும் சத்தம் கேட்டது.

"என்ன செய்யப்போறீங்க?"

"கலிங்கு மூட்டைகளைத் தட்டிவிடணும் சார்."

"தட்டணுமா? தட்டலாமா?"

ஒரு கணம் யோசித்தேன். சிதம்பரத்தின் கடைமடை வயல்கள் என் கண்முன் வந்தன. தேன்மொழி கழுவிய பாத்திரங்களும் வந்தன.

"தட்டணும் சார்."

"நேரம் பன்னிரண்டு அம்பது. எழுதிட்டேன். என் உத்தரவுன்னு எழுதியிருக்கேன். உங்க யோசனைன்னு எழுதல."

இதற்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போனை வைத்துவிட்டார்.

நான் கலிங்குக்குப் போகுமுன் செய்தி போய்விட்டது. பதினைந்து இருபது பேர் நின்றிருந்தார்கள். சிதம்பரம் கலிங்குக் கல்லின்மேல், மூட்டைகளுக்கு நடுவில், வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க சம்பந்தி. சாப்பிட்டீகளா?"

"இல்லைங்க. மூட்டையை எடுக்கணும். கரையில மண்ணு போகுது."

"கரையில மண்ணு போகாம மாவா போகும்? எங்க தாத்தா காலத்துலருந்து கசியுது சம்பந்தி. நாலு வருஷம் கழிச்சு நெறஞ்சிருக்கு. ரெண்டடி எறக்குனா கடைமடையில அத்தனையும் கருதுல வந்து காயும். என்னுது மட்டுமில்ல, இந்தா நிக்கிறாகள்ல, எல்லாருதும்."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி. வெள்ளிக்கிழமை வேலையப் பாருங்க."

நான் கிளாசை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். ஆட்டிப் பார்த்தார். அடி வண்டல் கலங்கி மறுபடி படிந்தது. விவசாயி. மண்ணின் நிறம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கிளாசை அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

"நான் எந்திரிக்கல. எடுக்கிறதுன்னா என்னையும் சேத்து எடுங்க."

போலீசுக்குச் சொல்லலாம் என்றார் பிச்சை. வருவதற்கு ஒரு மணி நேரமாவது ஆகும். ஊற்றுக்கு அந்தப் பொறுமை இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அவரிடம் என்ன பேசினேன் என்பது சரியாக நினைவில்லை. எதுவும் பலிக்கவில்லை என்பது நினைவிருக்கிறது.

அப்போது சின்னப்பொண்ணு வந்தாள். கையில் ஒரு துணி மூட்டை, இடுப்பில் பேத்தி. சிதம்பரத்துக்கு இரண்டு கல் தள்ளி உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு இங்கிட்டு வந்த?" என்றார் சிதம்பரம்.

"நீங்க எந்திரிக்கிற வரைக்கும் இருக்கேனுங்க. இங்கிட்டு மேடு. வீட்டவிட இதுதான் பத்திரம்."

அவள் சண்டைக்குச் சொல்லவில்லை. பேத்தியின் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். பின்னாலேயே மற்றப் பெண்கள் வந்தார்கள். வயதானவர்கள் வந்தார்கள். ஒருவர் ரேஷன் கார்டையும் டிரான்சிஸ்டரையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். கூடைக்குள் ஒரு கோழி வந்தது. கலிங்கு நீளம் அறுபதடி. கால்மணி நேரத்தில் உட்கார இடமில்லாமல் போனது. நடுவில் சிதம்பரம். கோழிக்கூடை அவர் முழங்காலுக்குப் பக்கத்தில்.

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். நீண்ட நேரம் என்று தோன்றியது. கடிகாரப்படி நான்கு நிமிடம். பிறகு எழுந்து வேட்டியை இறக்கிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை நாங்க வரலங்க" என்றார். சம்பந்தி என்று சொல்லவில்லை. கரைமேல் நடந்து போனார்.

இரண்டு மணிக்கு முதல் மூட்டையைப் பிடுங்கினோம். மூன்று மணிக்குள் கலிங்கு முழு வீச்சில் பாய்ந்தது. மடைகளையும் திறந்துவிட்டோம். நான்கரைக்குக் குடம் நிறைய எழுபது விநாடி ஆனது. ஆறு மணிக்கு இரண்டு நிமிடம். கிளாசில் எதுவும் படியவில்லை. மறுநாளும் அங்கேயே இருந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

கலாவதியிடம் நடந்ததைச் சொன்னேன். "எத்தனை வீடு?" என்றாள். முப்பத்தெட்டு என்றேன். "சரி. குளிச்சிட்டு வாங்க" என்றாள். நான் குளிக்கும்போது அவள் அடுப்படியில் அழுதாள் என்று கயல் பல வருடம் கழித்துச் சொன்னாள்.

தேன்மொழியிடம் நானே சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி.

"தண்ணியைத் தொறந்து விடலேன்னா கரை ஒடைஞ்சிருக்குமாப்பா?"

"தெரியாதும்மா."

"தெரியாமயா செஞ்சீங்க?"

ஆமாம் என்றேன். உடைந்திருக்கும் என்று சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். எனக்கும்தான். ஆனால் உடையாத கரையைப் பற்றி யாராலும் உறுதி சொல்ல முடியாது. அந்தப் பையன் ஒருமுறை போன் செய்து, அப்பா பேச்சை மீற முடியாது என்று சொல்லிவிட்டுத் துபாய்க்குப் போனான். பதினொரு நாள் என் பெண் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் உப்பை எடுங்கள் என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.

தை மாதம் கடைமடை வயல்கள் காய்ந்தன. சிதம்பரம் சொன்ன மாதிரியே கதிர் வந்த பிறகு காய்ந்தன. நான் போய்ப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

சித்திரையில் கண்மாய் வற்றியதும் பழைய மடையை ஒட்டிக் கரையை வெட்டித் திறந்தோம். சபாபதி சார் நேரில் வந்தார். ஓய்வு பெற அவருக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. மேல்மண்ணை முழுக்க எடுத்தபின், கல்மடைக்குப் பக்கவாட்டில் தண்ணீர் அரித்த ஒரு குடைவு தெரிந்தது. சலவைச் சட்டையோடு அவர் அதற்குள் இறங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நேரம் என்ன?"

"பதினொன்னு பத்து சார்."

"எழுதிக்குங்க. பதினொன்னு பத்துக்குச் செயற்பொறியாளர் உள்ளே உட்கார்ந்திருந்தார். ரெண்டு பேருக்கு இடம் இருக்கு."

அப்படியே எழுதினேன். அந்தக் குறிப்பு கோப்பில் இருக்க வேண்டும். மேலே ஏறி வந்ததும் அவர் சட்டையைத் தட்டவில்லை. செம்மண்ணோடுதான் ஜீப்பில் ஏறினார்.

வீட்டில் சொன்னேன். சனிக்கிழமை தேன்மொழி, "என்னைக் கூட்டிட்டுப் போங்கப்பா" என்றாள். ஸ்கூட்டரில் போனோம். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் குடைவுக்குள் இறங்கினாள். சுவரைக் கையால் தடவினாள். பிறகு உட்கார்ந்து, "வாங்க" என்றாள். நானும் இறங்கி உட்கார்ந்தேன். சபாபதி சார் சொன்ன அளவு சரி. இரண்டு பேருக்கு இடம் இருந்தது.

"இதுவா?"

"இதுதான்."

"அன்னைக்கு ஒங்களுக்கு இது தெரியாது."

"தெரியாது."

"இது இல்லாம இருந்திருந்தா எனக்கு என்ன சொல்லியிருப்பீங்க?"

"இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன்."

அவள் என் தோளில் தலையைச் சாய்த்தாள். தோளிலிருந்த மண் அவள் தலைமுடியில் ஒட்டியது. தட்டிவிட்டேன்.

மேலேயிருந்து ஒரு குரல். "யாருங்க அது, பொந்துக்குள்ள?" சின்னப்பொண்ணு எட்டிப் பார்த்தாள். என்னை அடையாளம் தெரிந்தது. தேன்மொழியைப் பார்த்தாள். விஷயம் அவளுக்கும் எட்டியிருக்கிறது போலும்.

"இந்தப் பிள்ளையா?"

ஆமாம் என்றேன். அவள் குனிந்து தேன்மொழிக்குக் கையை நீட்டினாள். பிறகு, "நொங்கு வெட்டியிருக்கு. மேல வாத்தா, சாப்பிடலாம்" என்றாள். பத்து நுங்கு சாப்பிட்டோம். அதில் ஏழு என் பெண் சாப்பிட்டது.

இரண்டு வருடம் கழித்துத் தேன்மொழிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை திருச்சியில் ஆசிரியர். பத்திரிகையைச் சிதம்பரத்துக்கும் வைக்கவேண்டும் என்று கலாவதி சொன்னாள். எதற்கு என்றேன். "வேற யாருக்கு வைக்கிறது?" என்றாள். அந்தப் பதிலின் பொருள் எனக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனாலும் போய் வைத்தேன். வாங்கிப் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

வந்தார். சலவை வேட்டி, சட்டை. முதல் பந்தியில் உட்கார்ந்து பாயசம்வரை நிறுத்தாமல் சாப்பிட்டார். பக்கத்து இலை மாப்பிள்ளையின் அப்பாவுடையது. பொண்ணுக்கு நீங்க என்ன முறை என்று அவர் கேட்டிருக்கிறார்.

"மாமனாரா இருக்க வேண்டியவன்" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டிருக்கிறார்.

தேன்மொழி வந்து அவர் காலில் விழுந்தாள். "நல்லா இரு ஆத்தா" என்றார். பிறகு நான் அவரை மண்டப வாசல்வரை கொண்டுவிடப் போனேன்.

"அந்தப் பொந்தை நானும் போய்ப் பாத்தேன்" என்றார்.

"அப்படியா?"

"என்னோட மூணு வயலும் காஞ்சதையும் பாத்தேன்."

"நானும் பார்த்தேங்க."

வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு வெகுநேரம் மென்றார்.

"மறுபடி ஒரு வருஷம் அப்படி வந்துச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"தட்டிவிட்ருவேன்."

"நானும் கல்லுல வந்து உக்காந்துருவேன் சம்பந்தி" என்றார். சாலையில் இலுப்பூர் பஸ் வந்தது. கையைக் காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார்.